போவதற்காகப் போடும் கஞ்சி

கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைச் சமையலை அவசர அவசரமாக முடித்துவிட்டு ரயில் பிடித்துப் பத்துமலைக்கு வந்திருக்கும் அக்கா தங்கைகளே, அவர்களை இறக்கிவிட வந்து, திரும்பிப் போக மனமில்லாமல் பின்வரிசையில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்துவிட்ட ஐயாமார்களே!

இன்று நான் பேச வந்திருப்பது கஞ்சியைப் பற்றி. குடிக்கிற கஞ்சியைப் பற்றிப் பேச இந்த மண்டபத்தில் என்னைவிடத் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் பேசப்போவது துணிக்குப் போடுகிற கஞ்சி. அதிலும் வேட்டி சட்டைக்குப் போடுவதை விட்டுவிடுகிறேன். துணியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, நடுவே பஞ்சு விரிப்பு வைத்து, அடித்துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்துத் தையல் ஓட்டுகிறோமே, குவில்ட் என்கிறோமே, அந்த ஒட்டுத்துணிப் போர்வைக்கு, வெட்டுவதற்கு முன்னால் போடுகிற கஞ்சி. அதை எந்த மாவில் காய்ச்சுவது, எப்படிக் காய்ச்சுவது, எவ்வளவு போடுவது, கடைசியில் எப்படிப் போக்குவது? இதுதான் இன்றைய பேச்சு.

ஒட்டுத்துணி வேலை நமக்குப் புதிதா? யார் சொன்னது? கோயில் தேரின் நாலு பக்கமும் உருளை உருளையாகத் தொங்குகிறதே தொம்பை, அது என்ன? சிவப்புத் துணியில் மஞ்சளும் பச்சையும் வெள்ளையுமாக யாளியையும் மயிலையும் வெட்டி வைத்துத் தைத்தது. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் குடும்பம் குடும்பமாகச் செய்துவந்த கைவேலை. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தையல் ஓட்டி காந்தா என்றார்கள். வட கன்னட மாவட்டக் காடுகளில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்கள் கந்தலை ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போய் கவந்தி என்றார்கள். இங்கே பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக்கைக் கேளுங்கள், தம்பால் சரிபு என்று தன் பாட்டி தைத்ததைச் சொல்வார். ஆயிரம் ஒட்டு. நம் வீடுகளில் மட்டும் என்ன? நாலு பழைய சேலையை மடித்துப் போட்டு, ஓரம் அடித்து, நடுவில் இரண்டு ஓட்டம் ஓட்டிய விரிப்பில் படுக்காத பிள்ளை இந்த மண்டபத்தில் எத்தனை பேர்?

சரி, கஞ்சியாவது புதிதா? அதுவும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழர் கையில் துணிக்குப் போடும் கஞ்சி இரண்டு வகை. ஒன்று சலவைக்காரர் கஞ்சி. மற்றது நெசவாளர் கஞ்சி. நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்தது முதல் வகை. நமக்கு வேண்டியது இரண்டாவது வகை. என் பேச்சு முழுவதும் இதற்குள் அடக்கம்.

சலவைக்காரர் கஞ்சியை முதலில் பார்ப்போம். பினாங்கில் ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் வண்ணான் துறை இருக்கிறது. சிங்கப்பூரில் டோபி காட் என்று ஒரு ரயில் நிலையத்துக்கே பெயர். அந்தக் காலத்தில் பிராஸ் பாசா ஓடைக்கரையில் நம்மவர்கள் துவைத்து, பக்கத்து வெளியில் காயப்போட்ட இடம் அது. பிரிக்பீல்ட்ஸ் யாருடைய ஊர்? ரயில்வேக்காரர்கள் ஊர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிமார் வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கோட்டு போட்டு அலுவலகம் போன ஊர். அந்த வெள்ளை எப்படி நின்றது? நீலம் போட்டு, கஞ்சி போட்டு, கரிப்பெட்டியால் தேய்த்து நின்றது. மடிப்பு கலையாமல், காலர் வளையாமல், உட்கார்ந்து எழுந்தாலும் மொடமொட என்று நிற்க வேண்டும். கஞ்சியில் மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றைப் போட்டு உருக்கிவிடுவது உண்டு, பளபளப்புக்கு. யாருக்காக இந்தக் கஞ்சி? பார்க்கிறவருக்காக. இன்றைக்கும் மேடையில் ஏறும் நம் தலைவர்கள் வேட்டியைப் பாருங்கள். அவர்கள் உட்கார்ந்த பிறகுதான் வேட்டி உட்காரும்!

அடுத்தது நெசவாளர் கஞ்சி. காஞ்சிபுரம் ஆகட்டும், சேலத்துப் பக்கம் ஆகட்டும், விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டி, அதில் கஞ்சியைத் தடவி, பெரிய புருசால் நீவி நீவிக் காயவைப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். ஏன் போடுகிறார்கள்? தறியில் பாவு நூல் அச்சுக்குள் ஆயிரம் தடவை உரசும். கஞ்சி இல்லாத பருத்தி நூல் பிசிறு எழும்பி அறுந்துவிடும். பிசிறை அடக்கி, நூலுக்கு மேலே ஒரு தோல் கொடுக்கிறது கஞ்சி. நெய்து முடித்தபின் அந்தக் கஞ்சிக்கு வேலை இல்லை. முதல் சலவையில் போய்விடும். யாருக்காக இந்தக் கஞ்சி? செய்கிறவருக்காக. செய்து முடிக்கும் வரைக்கும்.

குவில்ட் தைக்கிற நமக்கு எது வேண்டும்? வெட்டும்போது துணி நகரக் கூடாது. தைக்கும்போது ஓரம் இழுபடக் கூடாது. தைத்து முடித்தபின் போர்வை மெத்தென்று மேலே விழ வேண்டும். கும்பாபிஷேகத்துக்குக் கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டுகிறார்களே, குடமுழுக்கு அன்று சாரம் நிற்குமா? நம் கஞ்சியும் அதுபோலத்தான்.

சாரத்தையே கோபுரம் என்று விற்றவர்களும் உண்டு. அந்தக் கதையைச் சொல்லாமல் போக மாட்டேன், ஏனென்றால் அதில் நம் நாட்டுக்கும் பங்கு இருக்கிறது. சரவாக்கில் முக்கா என்ற ஊர். மெலனாவ் மக்கள் ஊர். அங்கே சதுப்பில் வளர்கிறது ரும்பியா, அதாவது சாகோ பனை. பத்துப் பன்னிரண்டு வருஷம் வளர்ந்து, பூக்கப் போகிற நேரத்தில் வெட்டினால் ஒரே மரத்தின் உள்ளே 150 கிலோவிலிருந்து 300 கிலோ வரை மாவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் சரவாக் மாவு சிங்கப்பூருக்கு வந்து சுத்தமானது. சைனா டவுனில் சாகோ தெரு என்று இன்றும் பெயர் இருப்பது அந்த ஆலைகளால்தான். அங்கிருந்து கப்பலேறி எங்கே போனது? இங்கிலாந்துக்கு. பாயசத்துக்கா? கொஞ்சம் பாயசத்துக்கு. லங்காஷயர் நெசவாலைகளில் பாவுக்குக் கஞ்சி போடவும் போனது.

அதுவரைக்கும் சரி. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து வந்த பஞ்சு கிட்டத்தட்ட நின்றது. நூல் விலை ஏறியது. அப்போது ஆலைக்காரர்களுக்கு ஒரு யோசனை தோன்றியது. நூல் குறைந்தால் என்ன, கஞ்சியைக் கூட்டு! மாவோடு வெள்ளைக் களிமண்ணையும் சேர்த்துப் பூசினார்கள். துணி கனமாக இருந்தது, கெட்டியாக இருந்தது, கையில் எடுத்தால் நயம் சரக்கு போல இருந்தது. போர் முடிந்தும் பழக்கம் போகவில்லை. அந்தத் துணி எங்கே விற்றது? இந்தியாவில், சீனாவில். கப்பலின் அடித்தட்டுப் புழுக்கத்தில் வரும்போதே மாவில் பூஞ்சணம் பூத்தது. தப்பி வந்ததை வாங்கிய ஏழை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு முறை துவைத்தால், கஞ்சியும் மண்ணும் தண்ணீரோடு போக, கையில் சல்லடை மிஞ்சியது.

இந்தக் கதை இன்றும் முடியவில்லை. ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானிலோ மஸ்ஜித் இந்தியாவிலோ, கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ மலிவு விலைப் பருத்தித் துணி வாங்கும்போது ஒன்று செய்யுங்கள். ஒரு மூலையை இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே வைத்து நன்றாகக் கசக்குங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தால், நீங்கள் மாவுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். கடைக்காரர் முறைத்தால் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். கஞ்சி போடாமல் தைத்தால் என்ன ஆகும் என்று சிலர் கேட்கிறீர்கள். துணியைப் பாவு வாக்கில் இழுத்துப் பாருங்கள், அசையாது. ஊடை வாக்கில் இழுங்கள், கொஞ்சம் கொடுக்கும். மூலைக்கு மூலை, கிராஸாக இழுங்கள், ரப்பர் போல நீளும். முக்கோணம் வெட்டினால் ஏதாவது ஒரு பக்கம் கிராஸில்தான் வந்து விழும். கோலத்தில் வருகிற நட்சத்திரம், தாமரை எல்லாவற்றையும் துணியில் கொண்டுவர ஆசைப்படுகிறோமே, அத்தனையும் முக்கோணம். ஆக, ஓரமெல்லாம் கிராஸ்.

கணக்காகவே சொல்கிறேன். நாலு அங்குலக் கட்டம் எட்டு. வரிசையாகச் சேர்த்தால் 32 அங்குலம் வர வேண்டும். நடுவே ஏழு தையல். கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டிய இடத்தில் துணி துவண்டு ஒரு வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு, கூடுதலாக உள்ளே போய்விட்டது என்று வையுங்கள். ஒரு தையலுக்கு இரண்டு பக்கமும் வீசம், வீசம், ஆக அரைக்கால். ஏழு தையலுக்கு ஏழு அரைக்கால். முக்காலே அரைக்கால் அங்குலம் காணாமல் போய்விட்டது! பக்கத்து வரிசை சரியாக 32 வந்திருக்கும். இரண்டையும் எப்படிச் சேர்ப்பீர்கள்? இழுத்துப் பிடித்துச் சேர்ப்போம். அதனால்தான் பல போர்வைகள் தரையில் விரித்தால் நடுவில் அப்பளம் போல எழும்பி நிற்கின்றன.

இனி எந்த மாவு? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மாவுச்சத்து என்பது சர்க்கரை மணிகள் கோத்த சரம். அதில் இரண்டு சாதி. கிளையில்லாமல் நீளமாக ஓடும் சரம் அமைலோஸ். கிளை கிளையாகப் பிரிந்து புதர் போல இருப்பது அமைலோபெக்டின். நேர்ச்சரங்கள் ஆறும்போது ஒன்றோடொன்று பக்கத்தில் அடுக்கிப் படுத்துக்கொள்ளும். விறைப்பு அதிலிருந்து வருகிறது. கிளைச்சரம் வழவழப்பும் பிசுபிசுப்பும் தரும். இந்த இரண்டின் விகிதம் மாவுக்கு மாவு மாறும். சோள மாவில் நேர்ச்சரம் கால் பங்கு அளவு. மரவள்ளியில் ஆறில் ஒரு பங்கு அளவு. புலூட் அரிசியில், அதாவது ஒட்டரிசியில், கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதனால்தான் புலூட் கஞ்சி பட்டம் ஒட்ட நல்ல பசை. துணிக்குப் போட்டால் விறைப்பு வராது, விரல்தான் ஒட்டும்.

முதலில் நம் பாட்டி வைத்தியம், வடிகஞ்சி. மலிவு, கைக்கெட்டும் தூரம். ஆனால் இப்போது யார் வீட்டில் சோறு வடிக்கிறார்கள்? ரைஸ் குக்கர் வந்தது, வடிகஞ்சி போனது. வடிக்கிறவர்கள் வீட்டிலும், இன்றைய கஞ்சி வேறு பதம், நாளைய கஞ்சி வேறு பதம். உப்புப் போட்டு வடித்த கஞ்சியைத் துணிக்குப் போடவே கூடாது. உப்பு நம் ஊர்க் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இன்னொன்று, வடிகஞ்சியில் மாவுச்சத்தோடு அரிசியின் புரதமும் தவிட்டு எண்ணெயும் வருகின்றன. நாள்பட்டால் மஞ்சள் அடிக்கும், வாடை வரும். அரிசி மாவுச்சத்தின் துகள்கள் மிகச் சிறியவை, மாவுகளிலேயே நைஸானவை. வெள்ளைக்காரர்கள் அதைத் தேடிப் போனதும் அதற்காகத்தான். 1840இல் லண்டனில் ஓர்லாண்டோ ஜோன்ஸ் என்பவர் காரநீர் விட்டுப் புரதத்தைப் பிரித்து அரிசியிலிருந்து சுத்தமான மாவுச்சத்து எடுக்கக் காப்புரிமை வாங்கினார். நாம் வீட்டில் அந்த வேலையெல்லாம் செய்யப் போவதில்லை. வடிகஞ்சி வீட்டு வேட்டிக்கு இருக்கட்டும்.

மைதா? வேண்டாம். சுவரொட்டி ஒட்டுகிறவர்களுக்கு விட்டுவிடுங்கள். கோதுமையின் பசைப் புரதம் இழைக்குள் புகுந்தால் எளிதில் வெளியே வராது. கரப்பான் பூச்சிக்கு விருந்து.

சோள மாவு, நம் மளிகைக் கடையில் தெப்போங் ஜாகோங். அமெரிக்கக் குவில்ட் புத்தகங்கள் பலவற்றில் இதுதான் இருக்கும், ஏனென்றால் அவர்களுக்குக் கிடைப்பது அது. நல்ல விறைப்பு. ஆனால் ஆறினால் கூழ்போல உறையும், தெளிப்பானின் வாயை அடைக்கும். கறுப்பு, கருநீலம், அரக்கு நிறத் துணியில் வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு தெரியும். நம் பெண்கள் தேர்ந்தெடுக்கிற நிறமெல்லாம் என்ன? அரக்கும் பச்சையும் நீலமும்தானே! அவர்கள் நாட்டு வெளிர்நிறப் பூத்துணிக்கு ஒத்துவந்தது நம் சுங்குடிச் சேலைத் துண்டுக்கு ஒத்துவர வேண்டும் என்று சட்டமா?

என் தேர்வு மரவள்ளி மாவு. தெப்போங் உபி காயு. வெந்தால் கண்ணாடி போலத் தெளியும், கருநிறத் துணியில் தெரியாது. வாடை இல்லை. காய்ந்தபின் உடையாமல் வளையும். ஜப்பான்காரன் இந்த நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்றே உயிர் பிழைத்த குடும்பங்கள் நாம். அந்த மூன்றரை வருஷத்தை நினைத்து இன்னும் அதைச் சமையலறைக்குள் விடாத பெரியவர்கள் உண்டு. அவர்களுக்கும் இது பரவாயில்லை, தின்னச் சொல்லவில்லை. மரவள்ளி கிடைக்காவிட்டால் சாகோ மாவு. அதைவிடச் சற்று விறைப்பாக நிற்கும். வீட்டில் ஜவ்வரிசி மட்டும் இருந்தால் அதையும் ஊறவைத்துக் காய்ச்சி வடிகட்டலாம். கடையில் உருண்டையாக விற்பது பெரும்பாலும் மரவள்ளிதான். சேலத்து ஆலைகளில் செய்வதும் மரவள்ளியே.

டின்னில் அடைத்த தெளிப்புக் கஞ்சி உண்டு. அவசரத்துக்கு நல்லது, விலை கூடுதல், பலவற்றில் வழுக்கலுக்காக சிலிக்கோன் சேர்ப்பார்கள். மாவே சேராத தெளிப்புகளும் இப்போது வருகின்றன. துவைக்கவே முடியாத, சுவரில் மாட்டும் துணிச் சித்திரம் போன்ற வேலைக்கு அவற்றை வாங்கலாம். மற்றபடி ஒரு பாக்கெட் மாவு வாங்கும் காசில் ஒரு வருஷம் ஓட்டலாம் என்னும்போது எனக்கு டின் வாங்க மனம் வருவதில்லை.

காய்ச்சுவதைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். அரை லிட்டர் தண்ணீர். மட்டமாக ஒரு மேசைக்கரண்டி மரவள்ளி மாவு, சுமார் 8 கிராம். அந்த அரை லிட்டரில் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துத் தனியே வைத்து, அந்தப் பச்சைத் தண்ணீரில் மாவைக் கரையுங்கள். வெந்நீரில் நேராகக் கொட்டினால் ஒவ்வொரு கட்டியும் வெளியே வெந்து உள்ளே மாவாக நிற்கும். மீதித் தண்ணீர் கொதித்ததும் தீயைக் குறைத்து, கரைத்ததைக் கலக்கிக்கொண்டே ஊற்றுங்கள். அப்போது பாத்திரத்தை உற்றுப் பாருங்கள். ஊற்றின உடனே பால் போல வெளுப்பாக இருக்கும். நாலு சுற்றுக் கரண்டி சுற்றுவதற்குள் ஓரத்திலிருந்து தெளிவு வரும். வெளுப்பு நடுவுக்குச் சுருங்கி மறைந்து, பாத்திரத்தின் அடி தெரியும். கரண்டியைத் தூக்கினால் நூல் போல ஒழுகும். அதுதான் பதம். இன்னும் ஒரு நிமிஷம் விட்டு இறக்கிவிடுங்கள். மரவள்ளி 60 பாகையைத் தாண்டியதும் வேக ஆரம்பித்துவிடும். சோள மாவு என்றால் 70 தாண்ட வேண்டும், ஒரு கொதி வந்தே ஆக வேண்டும். அதிக நேரம் கொதிக்கவிட்டால் மரவள்ளி இளகி விறைப்பை இழந்துவிடும். ஆறியதும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டாத கஞ்சியைத் தெளிப்பானில் ஊற்றாதீர்கள்.

இது இளங்கஞ்சி, தெளிக்க. நட்சத்திர வேலைக்கு, சின்னச் சின்ன முக்கோணத்துக்கு, துவளும் ரேயான் பாத்திக்குக் கெட்டியாக வேண்டுமானால் அதே தண்ணீருக்கு இரண்டு கரண்டி, மூன்று கரண்டி போட்டுக் காய்ச்சித் துணியை முக்கி எடுங்கள். கையால் தையல் ஓட்டுகிறவர்கள் இளங்கஞ்சியோடு நின்றுகொள்ளுங்கள். கெட்டிக் கஞ்சித் துணியில் ஊசி இறங்காமல் விரல்தான் புண்ணாகும்.

காய்ச்சத் தெரிந்தால் போதுமா? 1564ஆம் வருஷம், ஃபிளாண்டர்ஸ் நாட்டிலிருந்து டிங்கன் வான் டெர் பிளாஸ் என்ற அம்மாள் லண்டனுக்குப் பிழைக்க வந்தார். அங்கே பிரபுக்களெல்லாம் கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாகத் துணி வளையம் அணிந்த காலம். அதற்குக் கஞ்சி போடத் தெரிந்தவர்கள் ஊரில் அரிது. அந்த அம்மாள் வகுப்பு எடுத்தார். மாவு காய்ச்சக் கற்றுக்கொடுக்க 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு. கஞ்சி போடக் கற்றுக்கொடுக்க நாலு, ஐந்து பவுண்டு! காய்ச்சுவதைவிடப் போடுவதற்கு நாலைந்து மடங்கு கட்டணம். நானூற்றறுபது வருஷத்துக்கு முன்னாலேயே அந்த அம்மாளுக்கு வேலையின் கஷ்டம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. உங்களுக்கு நான் இலவசமாகச் சொல்கிறேன்.

கஞ்சிக்கு முன்னால் துணியைத் துவைத்தாக வேண்டும். புதுத்துணியில் அப்படியே தெளித்து இஸ்திரி போட்டால் ஈரமும் சூடும் சேர்ந்து ஒரு பக்கம் சுருங்கும், ஒரு பக்கம் சுருங்காது. சாயம் போகிற துணியும் அப்போதே காட்டிக்கொடுத்துவிடும். சுங்குடியையும் பாத்திக்கையும் தனித்தனியே அலசுங்கள். பிறகு துணியின் பின்பக்கம் தெளித்து, மடித்து, கொஞ்ச நேரம் வைத்திருங்கள். இந்த இடத்தில்தான் எல்லாரும் அவசரப்படுகிறீர்கள். தெளித்ததும் இஸ்திரிப்பெட்டியை வைத்தால் கஞ்சி இழைக்குள் போகுமுன்பே மேலேயே வெந்து பொருக்காகும். அந்தப் பொருக்கு பெட்டியின் அடியில் ஒட்டிக் கருகி அடுத்த துணியில் பழுப்பாக இறங்கும். ஊறவிட்டு, ஈரம் இருக்கும்போதே, பெட்டியை வைத்து அழுத்தி எடுத்து, தள்ளி வைத்து அழுத்துங்கள். இழுத்துத் தேய்க்காதீர்கள். ஈரத் துணியைக் கிராஸில் இழுத்துத் தேய்த்தால், எந்தக் கோணலைத் தவிர்க்கக் கஞ்சி போட்டோமோ, அதே கோணலைக் கஞ்சி போட்டு நிரந்தரமாக்கி வைக்கிறோம். பட்டுச் சேலைத் துண்டுக்கு இது எதுவும் ஆகாது. அதற்குப் பின்னால் ஒட்டும் துணி கொடுங்கள்.

இஸ்திரி போட்டபின் வெட்டுங்கள். வெட்டியபின் கஞ்சி போடுகிறேன் என்று யாராவது சொன்னால், வெட்டும்போதே கோணியதைக் கஞ்சி நிமிர்த்தாது என்று சொல்லுங்கள்.

இப்போது நம் ஊர்க் காற்றுக்கு வருகிறேன். ஐரோப்பியப் புத்தகத்தில், கஞ்சி போட்ட துணியை மடித்து அலமாரியில் வைக்கலாம் என்று இருக்கும். அவர்கள் வைக்கலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்றின் ஈரப்பதம் சராசரி 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. மத்தியானம் மூன்று மணிக்கு வானம் கறுத்தால் மாடியில் காய்கிற துணியை எடுக்க ஓடாத வீடு உண்டா? இந்த ஈரத்தில் மாவுச்சத்து என்பது பூஞ்சணத்துக்குப் போட்ட விதை நெல். ராமபாணப் பூச்சிக்கு அதைவிடப் பிரியமான சாப்பாடு கிடையாது. புத்தகக் கட்டின் பசையைத் தேடி வருவதும் அந்த மாவுக்காகத்தான். அலமாரியில் வைத்த கஞ்சித் துணியில் மடிப்பு நெடுகிலும் மேலோட்டமாகச் சுரண்டினாற்போல் அரிப்பு இருந்தால், அது பழசானதால் வந்ததில்லை. சாப்பிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆகவே, வாரத்துக்கு எவ்வளவு தைப்பீர்களோ அவ்வளவு துணிக்கு மட்டும் கஞ்சி போடுங்கள். கஞ்சியையும் அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள். மிஞ்சினால் குளிர்பெட்டியில் வையுங்கள். வீட்டில் யாரும் பாயசம் என்று எடுத்துக் குடித்துவிடாமல் எழுதி ஒட்டுங்கள். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். அரைகுறையாக நிற்கும் போர்வையைத் தீபாவளிக்கு முடிக்கலாம், தைப்பூசத்துக்கு முடிக்கலாம் என்று மூட்டை கட்டி வைப்பவர்கள், தைத்த வரைக்கும் அலசிக் காயவைத்துவிட்டு மூட்டை கட்டுங்கள். மறுபடி தெளித்துக்கொள்ள ஒரு கரண்டி மாவுதானே!

கடைசியாக, போக்குவது. போர்வை முடிந்ததும் நேராகப் படுக்கையில் விரிக்கிறோம், படம் எடுக்கிறோம், எல்லாருக்கும் அனுப்புகிறோம். அதற்கு முன்னால் அதைத் துவையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், 40 பாகை. சலவைத்தூள் வாங்கும்போது நொதி சேர்த்தது எது என்று பாருங்கள்; அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தின் சரத்தைத் துண்டு துண்டாக நறுக்கிச் சர்க்கரையாக்கித் தண்ணீரோடு அனுப்பிவிடும். பழைய ஆலைகளில் இதற்கே முளைகட்டிய தானியச் சாற்றில் துணியை ஊறவைத்தார்கள். முளைகட்டிய கேழ்வரகு மாவில் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சினால் கெட்டியாகாமல் நீர்த்துப் போகிறதே, அதே நொதிதான் அங்கேயும் வேலை செய்கிறது.

போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? கைக்கு மெத்தென்று இருந்தால் போதாது. மருந்துக்கடையில் புண்ணுக்குப் போடும் அயோடின் வாங்குங்கள். கடைசியாக அலசிய தண்ணீரில் கொஞ்சத்தை வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்து ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறினால் கஞ்சி இன்னும் இருக்கிறது, இன்னொரு அலசல். தேநீர் நிறத்திலேயே நின்றால் போய்விட்டது. போர்வையின் மேலேயே சொட்டுவிட்டுப் பார்க்காதீர்கள். அதே துணியில், அதே கஞ்சி போட்ட ஒட்டுத்துண்டு ஒன்றைப் போர்வையோடு சேர்த்துத் துவைத்து, அந்தத் துண்டில் விட்டுப் பாருங்கள்.

பின்னால் மேசையில் ஐந்து கிண்ணம் வைத்திருக்கிறேன்: வடிகஞ்சி, சோள மாவு, மரவள்ளி, சாகோ, புலூட். பக்கத்தில் அரக்குத் துணித் துண்டுகள், ஒரு அயோடின் சீசா. புலூட் கிண்ணத்தில் மட்டும் நீலம் வராது, செம்பழுப்புதான் வரும். ஏன் என்று நான் சொல்லத் தேவையில்லை, நேர்ச்சரம் கிளைச்சரம் கதையைக் கேட்டவர்கள் நீங்களே பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்லிவிடுவீர்கள். தேநீர் வருவதற்குள் வாருங்கள். வெள்ளைச் சேலை கட்டியிருப்பவர்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாருங்கள்.